எருமைநாக்கு: ஒரு மீன்பெயரின் சொல்லமைப்பும் இலத்தீன் வழக்கும்

முன்னுரை

கடலின் அடித்தரையை ஒட்டி வாழும் தட்டைமீன்களைத் தமிழகக் கடற்கரை மக்கள் நாக்குமீன், எருமைநாக்கு முதலிய பெயர்களால் வழங்குகின்றனர். இவற்றுள் எருமைநாக்கு என்னும் பெயரின் அமைப்பையும், அது இலத்தீன் வழக்கில் அடைந்த மாற்றத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மீனின் இயல்பு

தட்டைமீன் குஞ்சு முட்டையிலிருந்து வெளிப்படும்போது பக்கத்திற்கு ஒரு கண்ணே பெற்றிருக்கும். வளருங்கால் ஒரு கண் இடம்பெயர்ந்து மறுபக்கம் சேரும். கண்ணற்ற பக்கம் மணலிற் படிந்து வெளிறியிருக்கும். நாக்குமீனில் இரு கண்களும் இடப்பக்கத்தில் அமைகின்றன. எருமைநாக்கில் எப்பக்கத்திலும் அமையலாம். நாக்குமீன்களுட் பல சாண் அளவின. எருமைநாக்கோ அரை மீட்டருக்கு மேலும் வளர்வது.

சொல்லமைப்பு

எருமைநாக்கு என்பது எருமையினது நாக்கு என விரியும் ஆறாம் வேற்றுமைத்தொகை. அத்தொகை வடிவொப்புமையால் மீனுக்கு ஆகிவந்தமையின் உவமையாகுபெயராகிறது. ஒப்புமை நிற்பது ‘நாக்கு’ என்னும் சொல்லில். ‘எருமை’ அந்நாக்கின் பருமையை உணர்த்தும் அடையாகவே நிற்கிறது எனலாம். பிரான்சிசு ஆமில்டன் 1822-இல் நாக்குமீன் இனத்திற்கு இட்ட ‘சைனோகுளோசசு’ என்னும் பெயரும் கிரேக்கத்தில் ‘நாய்நாக்கு’ எனப் பொருள்படும். விலங்கு வேறாயினும் உவமை ஒன்றே.

இலத்தீன் வழக்கு

தரங்கம்பாடியில் பணியாற்றிய சமயப்பணியாளர் கிறித்தோபு சாமுவேல் சான், மீன்களைப் பெர்லினிலிருந்த மார்க்கசு பிளாக்கிற்கு அனுப்பினார். பிளாக் 1799-இல் மறைந்தபின் சினைடர் 1801-இல் வெளியிட்ட நூலில் இம்மீன் ‘எருமேய்’ என்னும் சிறப்புப்பெயர் பெற்றது. இன்று அது ‘செட்டோடசு எருமேய்’ எனப்படுகிறது. தனித்து நோக்கின் மீனுக்கும் எருமைக்கும் தொடர்பு புலப்படாது. கடற்கரை வழக்கோடு வைத்து நோக்கினாலே, ‘நாக்கு’ நீங்கி அடைமொழி மட்டும் எஞ்சியமை விளங்கும். பிளாக் 1793-இல் ‘சானியசு கருட்டா’ எனப் பெயரிட்ட மீனும் இத்தகையதே. கறுத்த கத்தலை என்பதில் ‘கத்தலை’ நீங்கிக் ‘கறுத்த’ என்னும் பெயரெச்சமே நின்றது. பேரினப்பெயர் சானின் நினைவாக இடப்பட்டது. மீனுக்குப் பெயர் வழங்கிய பரதவர் எவரும் அதில் இடம்பெறவில்லை.

முடிவுரை

இலத்தீன் வழக்கு அடைமொழியைக் காத்தது. உவமையைக் காத்தது மீனவர் பேச்சு. ஆகவே மீன்பெயர் அகராதி தொகுப்போர் அறிவியற்பெயரை மட்டும் சான்றாகக் கொள்ளாது, கரையில் வழங்கும் முழுத்தொடரையும் பதிவுசெய்தல் வேண்டும். அத்தொடர் வழக்கொழியின், ஏட்டில் எஞ்சும் தமிழ்ச்சொல்லும் பொருள் விளங்காச் சொல்லாகிவிடும்.