மலை உதிர்த்த மண்ணில் எழுந்த குன்றுகள்

டேராடூனிலிருந்து வடக்கே பார்த்தால் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் முசோரி மலை தெரியும். தெற்கே திரும்பினால் சிவாலிக் குன்றுகள். அந்தப் பகுதியில் அவை பெரும்பாலும் 1,000 மீட்டரைத் தாண்டுவதில்லை. உயரத்தைப் பார்த்தே ஒன்றை மலை என்றும் மற்றதை அடிவாரக் குன்று என்றும் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் இத்தனை மீட்டர் இருந்தால்தான் மலை என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட கணக்கு எதுவும் கிடையாது. இமயத்தைப் பொறுத்தவரை, பாறையைக் கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும்.

இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்த நெருக்கலில் பழைய கடலடிப் படிவுகளும் ஆழத்துப் பாறைகளும் மேலே தள்ளப்பட்டு இமயமலை ஆயின. எவரெஸ்ட் உச்சியில் இருப்பதே கடலுயிர்களின் எச்சம் கலந்த சுண்ணாம்புக்கல்தான்.

மலை உயர உயர, மழையும் ஆறும் அதை அரித்தன. அரித்த கூழாங்கல்லும் மணலும் வண்டலும் அடிவாரப் பள்ளத்தில் கிலோமீட்டர் கணக்கில் குவிந்தன. நெருக்கலோ நிற்கவில்லை. கடைசியில் அந்தக் குவியலே மடிந்து மேலெழும்பியது. அதுதான் சிவாலிக். இமயம் உதிர்த்த மண்ணே அதன் காலடியில் குன்றாக நிற்கிறது என்பதைவிட வியப்பான செய்தி இந்திய நிலவியலில் குறைவு. இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட நிலப்பிளவு ஓடுகிறது. அங்கே பழைய மலைப்பாறை இளைய படிவின் மேல் ஏறிக் கிடக்கிறது.

ஆற்றுப் படிவு என்பதால் அக்காலத்து விலங்குகளின் எலும்புகளும் இதில் புதைந்து கல்லாகின. 1830களில் ஹியூ ஃபால்கனரும் கால்வாய்ப் பொறியாளர் காட்லியும் இங்கே ஏராளமான தொல்லெச்சங்களைக் கண்டெடுத்தார்கள். ஒட்டகச்சிவிங்கிக்கு உறவான, கிளைத்த கொம்புகளுடைய சிவாதீரியம் அவற்றில் ஒன்று.

இந்தப் பாறை இன்னும் முழுதாக இறுகவில்லை. மழைக்கு எளிதில் கரைகிறது. 1958இல் சண்டிகரில் உருவாக்கிய சுக்னா ஏரி, சிவாலிக் மண் வந்து சேர்ந்து விரைவாகத் தூர்ந்தது. குன்றுகளில் மரம் நட்டுத் தடுப்பணைகள் கட்டிய பிறகே மண்வரத்து குறைந்தது. மலையில் சாலை போடுவதுபோல இங்கே வெட்டினால் சரிவு தாங்காது. அடிவாரம்தானே என்று இந்தக் குன்றுகளை அலட்சியமாகத் தோண்டுவது பெருந்தவறு.

சஹாரன்பூரிலிருந்து டேராடூன் போகிறவர்கள் மோகண்டைத் தாண்டியதும் சாலையோர வெட்டுச்சரிவுகளைக் கவனியுங்கள். ஆறு உருட்டி வழவழப்பாக்கிய கூழாங்கற்கள் அங்கே குன்றுக்குள்ளேயே பதிந்திருக்கின்றன.