பாழ்மனையில் ஒரு பசும்புல்வெளி

1984-ஆம் ஆண்டில் ரோஜர் உல்ரிச் என்னும் அறிஞர் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், அமெரிக்காவின் பென்ஸில்வேனியா ராஜ்யத்து ஆஸ்பத்திரியில் பித்தப்பை ரண சிகிச்சை பெற்றவர்களுள், ஜன்னல் வழியே விருக்ஷங்களைக் காண வாய்த்தவர்கள், செங்கற்சுவரையே பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள் என்றும், கடுமையான வலிமருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன என்றும் கண்டிருந்தது. நோயாளிகள் 46 பேர்தாம். ஆயினும் அச்சிறு ஆராய்ச்சி பெரியதொரு விசாரணைக்கு வித்திட்டது.

அதே ராஜ்யத்தின் பிலடெல்பியா நகரில் பின்னர் நடந்த பரீட்சை இன்னும் விசேஷமானது. குப்பையும் புதரும் மண்டிக் கிடந்த 541 காலிமனைகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல் மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவில் குப்பையை அகற்றி, நிலத்தைச் சமன்செய்து, புல் வளர்த்து, சில மரங்கள் நட்டு, தாழ்ந்த மரவேலியும் அமைத்தார்கள். இரண்டாவதில் குப்பையை மட்டும் அகற்றினார்கள். மூன்றாவதை இருந்தபடியே விட்டார்கள். 2018-இல் வெளிவந்த முடிவின்படி, பசுமை பெற்ற மனைகளின் அருகே வசித்தவர்களிடையே, மனச்சோர்வுற்றிருப்பதாகக் கூறுவது, ஒன்றும் செய்யப்படாத இடங்களோடு ஒப்பிட, 41.5 சதவிகிதம் குறைந்திருந்தது. வறுமை மிகுந்த பேட்டைகளிலோ 68.7 சதவிகிதம். குப்பையை மட்டும் அகற்றிய இடங்களில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை.

இக்கடைசிச் செய்தியே என் மனத்தைப் பெரிதும் ஈர்க்கிறது. அசுத்தத்தை நீக்கினால் போதுமென்றிருக்கும் நிர்வாகிகள் இதைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்கு இதம் தருவதும், நம் தெருவையும் பொருட்படுத்துவார் உண்டென்ற தைரியத்தை ஏழையின் உள்ளத்தில் ஊட்டுவதுமான பசுமையின் காரியத்தைத் துடைப்பத்தால் மட்டும் சாதிக்க இயலாதென்றே நான் கருதுகிறேன். இவ்வாறு பசுமையாக்க மனையொன்றுக்கு ஆன செலவோ சுமார் 1,600 டாலர்தான். பராமரிப்புக்கு வருஷத்துக்குச் சுமார் 180 டாலர்.