சுங்கான் புகையிலைக் கலவை

சுங்கான் புகையிலைக் கலவை என்பது சுங்கானில் (புகைக்குழாயில்) இட்டுப் புகைப்பதற்காகப் பலவகைப் புகையிலைகளைச் சேர்த்து உருவாக்கப்படுவது ஆகும். மென்மையான கலவைகளுக்குப் பெரும்பாலும் வர்ஜீனியா, பர்லி ஆகிய இரண்டுமே அடிப்படை.

வர்ஜீனியா இலை வெப்பக் காற்றில் உலர்த்தப்படுவதால் அதில் சர்க்கரை மிகுதி. வேகமாக இழுத்தால் சூடேறி நாக்கை எரிக்கும். 1864இல் ஒகையோ மாநிலத்தில் கண்டறியப்பட்ட வெள்ளைப் பர்லி, கொட்டகையில் காற்றாட உலர்த்தப்படுகிறது. இதில் சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் கொக்கோ, வெனிலா போன்ற மணமூட்டிகளை நன்கு உறிஞ்சிக்கொள்ளும். கேவண்டிஷ் தனிப் பயிரன்று. இலையை ஆவியில் பதமாக்கி, அழுத்தி, இனிப்பேற்றும் முறையே அது. சைப்பிரசில் புகையூட்டப்படும் லட்டாக்கியா, லூசியானாவில் பீப்பாயில் அழுத்திப் புளிக்கவைக்கப்படும் பெரிக் ஆகியவை மென்மையான கலவையில் சேர்ந்தால் சிறிதளவே சேரும்.

இங்கு மென்மை என்பது சுவையை மட்டுமே குறிக்கிறது; நிக்கோட்டினை அன்று. சுவையில் சாதுவான பர்லியில் நிக்கோட்டின் பொதுவாக வர்ஜீனியாவைவிடக் கூடுதல். அதன் புகை காரத்தன்மை உடையது என்பதால், உள்ளிழுக்காமல் வாயில் வைத்து ஊதினாலும் வாயின் உட்தோல் வழியே நிக்கோட்டின் குருதியில் கலந்துவிடும். உதடு, வாய், தொண்டைப் புற்றுநோய்கள் சுங்கான் புகைப்போரையும் தாக்குகின்றன.