யாரும் சீண்டாத துப்பாக்கி

பள்ளி நாட்களில் அண்ணனோடு தாம்பரம் பிரவுசிங் சென்டரில் 'கவுண்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ்' ஆடுவேன். அதில் 'ஏ.யு.ஜி.' துப்பாக்கியை அவ்வளவாக யாரும் சீண்டமாட்டார்கள். 2018 அக்டோபரில் வால்வ் நிறுவனம் அதன் விலையை, ஆட்டக் காசில், 3300-லிருந்து 3150 ஆக்கியது. அவ்வளவுதான், எல்லார் கையிலும் அதே! நானும் வாங்கினேன், ஸ்கோப் வைத்துச் சுட்டால் குண்டு அதிகம் சிதறாது. ஜெயித்ததும் துள்ளினேன். "துப்பாக்கிதாண்டா சுட்டுச்சு, நீ எங்கடா சுட்ட?" என்றார் அண்ணன். 2019-ல் விலை மறுபடி 3300. என் வெற்றியும் போச்சு!

அண்ணன் கையில் 700 காசு 'டெசர்ட் ஈகிள்', ஏழே தோட்டா. ஓடிக்கொண்டே சுட்டால் வீண். நின்று தலையைக் குறிபார்த்தால் பெரும்பாலும் ஒன்றே போதும்.

ஒதுங்கிக் கிடக்கும் ஆயுதத்தின் விலையைக் குறைத்தால் கூட்டம் சேரும். குறிபார்ப்பவனுக்குப் பலனைக் கூட்டினால்தான் திறமை வளரும்.