வாசிக்க வருகிறது, பொருள் பிடிபடவில்லை

எட்டாம் வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் மாணவர்களில் இரு வகையினர் உண்டு. சிலருக்கு எழுத்துக் கூட்டுவதே பெரும்பாடு. சிலர் கடகடவென வாசித்துவிடுவார்கள். என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிப்பார்கள். தமிழில் எழுத்தைப் பார்த்தாலே ஒலி பெரும்பாலும் வந்துவிடுவதால், இந்த இரண்டாம் வகை ஆசிரியர் கண்ணில் எளிதில் படுவதில்லை.

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடிக் குழந்தைகள் பலர் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிறார்கள். வீட்டில் பேசுவதும் தமிழே. ஆனால் பேச்சுவழக்குக்கும் பாடநூல் நடைக்கும் தூரம் அதிகம். 'விதைக்கப்பட்டிருந்தமையால்' என்ற ஒரே சொல்லில் செயலும் காலமும் காரணமும் ஒட்டிக்கிடக்கின்றன. அதைப் பிரித்துக் காட்டாமல் பத்தியைப் பத்து முறை வாசிக்கச் சொல்வது வீண். வினை வாக்கியத்தின் முடிவில் வருவதும் இன்னொரு தொல்லை: பாதியில் கவனம் சிதறினால், நடந்ததா நடக்கவில்லையா என்பதே தெரியாமல் போகும்.

கரோனா முடக்கத்தின் இழப்பை ஈடுசெய்ய 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்கத்தில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானதாக இருந்தது. 6 முதல் 9ஆம் வகுப்பு வரை பின்தங்கியவர்களுக்காக 2025இல் 'திறன்' திட்டம் தொடங்கப்பட்டது. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் சிறு குழந்தைகளுக்கான நரிக்கதையைக் கொடுத்தால் கூச்சம்தான் மிஞ்சும். எளிய நடையில், வயதுக்கேற்ற செய்தி வேண்டும். கொல்லிமலையில் அதற்குப் பஞ்சமில்லை: சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகுக்கொடி, சாமைக் கதிர், எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை.

'மழையால் சாலை அடைபட்டது. சந்தைக்குப் பலாப்பழம் குறைவாகவே வந்தது' என்று ஒரு பத்தி இருக்கட்டும். சாலை ஏன் அடைபட்டது என்ற கேள்விக்கு விடை வரியிலேயே இருக்கிறது. அன்று பழத்தின் விலை என்னவாகியிருக்கும் என்பதற்கு விடை எழுத்தில் இல்லை. தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தில் இப்படி ஊகித்துப் பழகியவருக்கே தெரியாத பாடத்திலும் ஊகிக்கத் துணிவு வரும்.

அமெரிக்காவில் பாலின்சர், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட முறை, கடகடவென வாசித்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கென்றே உருவானது. சிறு குழுவாக அமர்ந்து ஒரு பத்தி வாசித்தபின், ஒருவர் கேள்வி கேட்பார், சாரத்தைச் சொல்வார், புரியாத சொல்லை விளக்குவார், அடுத்து வரப்போவதை ஊகிப்பார். ஆசிரியர் முதலில் செய்துகாட்டி, மெல்ல ஒதுங்கி, பொறுப்பை முறைவைத்து மாணவர்களிடம் விட்டுவிடுவார். எழுத்துக் கூட்டத் தடுமாறுபவருக்கு இது மட்டும் போதாது. அதே பத்தியைத் துணையோடு மூன்று நான்கு முறை உரக்க வாசிக்கும் பயிற்சியும் வேண்டும். முன்னேற்றத்தை அளக்க, ஏற்கெனவே பழகிய பத்தி உதவாது. முன்பின் பார்க்காத பத்தியைக் கொடுத்து, அதைத் தன் பேச்சுத் தமிழில் சொல்லச் சொல்ல வேண்டும்.