புளிப்பா, கடுகா, இனிப்பா?
புகையில் வெந்த பன்றியிறைச்சிக்கு வீட்டில் செய்யும் சோஸ்

சோஸ் என்றதும் எமது மனக்கண்ணில் வருவது கடைத் தட்டில் நிற்கும் சிவப்புப் போத்தல்தான். ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அப்படியல்ல. அங்கே இரவிரவாகப் புகையில் வெந்த பன்றியிறைச்சியின் மேல் எதை ஊற்றுவது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஒரே மாநிலத்தின் கிழக்கும் மேற்கும்கூட இதில் ஒத்துப்போவதில்லை. அந்தச் சோஸை யார் உருவாக்கினார்கள், யாருடைய பெயர் போத்தலில் ஏறியது என்ற கேள்வியும் இதற்குள் இருக்கின்றது. ஆகவே இதனை வெறும் சமையற் குறிப்பாக மட்டும் பார்க்க முடியவில்லை.

முதலில் இறைச்சியை அறிந்துகொள்வோம். இதற்கு எடுப்பது பன்றியின் முன்னந்தோள் துண்டு. கொழுப்பும் சவ்வும் நிறைந்தது. அவசரமாகச் சமைத்தால் பல்லுக்கு அடங்காது. அதனை ஹிக்கரி அல்லது ஓக் விறகின் தணலில், 110 முதல் 120 பாகை செல்சியஸ் வரையான மெல்லிய சூட்டில், பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் விட்டுவிடுகின்றார்கள். இறைச்சியின் நடுப்பகுதி 95 பாகையளவை எட்டும்போது சவ்வு உருகிக் களியாகி, எலும்பு தானாகக் கழன்று வரும். பிறகு கத்தி தேவையில்லை. முள்ளுக்கரண்டியாலேயே நார்நாராகப் பிய்த்துவிடலாம்.

இப்படிப்பட்ட இறைச்சிக்குப் புளிப்பு அவசியம். இல்லாவிட்டால் நாலு வாய்க்குள் கொழுப்புத் திகட்டிவிடும். நம் நாட்டில் பன்றிக் கறிக்குக் கொறக்காப்புளி சேர்ப்பதும் இதற்காகத்தான். அத்துடன், சோஸ் நார்களுக்கிடையே இறங்கும் அளவுக்குத் தண்ணியாகவும், பன்னிரண்டு மணித்தியாலம் விறகெரித்துப் பெற்ற புகை வாசத்தை மூடிவிடாததாகவும் இருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பொருந்தி வருவது வட கரோலைனா மாநிலத்தின் கிழக்குப் பகுதிச் சோஸ். அதில் தக்காளி கிடையாது. இரண்டு கோப்பை அப்பிள் வினாகிரி, ஒரு மேசைக்கரண்டி மண்ணிறச் சீனி, ஒரு மேசைக்கரண்டி இடித்த செத்தல் மிளகாய், இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகுதூள். அடுப்பு மூட்டவும் தேவையில்லை. போத்தலில் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தால் மிளகாயின் காரம் இறங்கிவிடும். இரண்டு கிலோ பிய்த்த இறைச்சிக்கு முதலில் அரைக் கோப்பை ஊற்றிப் பிசறி, சுவை பார்த்து மேலும் சேர்க்கலாம். தனியே நக்கிப் பார்த்தால் முகம் சுளிக்க வைக்கும். அதைக்கொண்டு இதனை எடைபோடக் கூடாது. இறைச்சியோடு சேர்த்தே சுவைக்க வேண்டும்.

இந்த வினாகிரிச் சோஸுக்குப் பின்னால் நீண்ட கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் அடிமைமுறை 1865இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன் பெருந்தோட்ட விருந்துகளுக்குக் குழி வெட்டி, விறகெரித்து, இரவு முழுவதும் விழித்திருந்து இறைச்சியைப் பதப்படுத்தியவர்கள் அடிமைப்படுத்தப்பட்டிருந்த கறுப்பின மக்களே. 1930களில் அரசாங்கம் அவர்களுள் உயிரோடிருந்த முதியவர்களின் வாய்மொழிகளைப் பதிவுசெய்தது. தென் கரோலைனாவைச் சேர்ந்த வெஸ்லி ஜோன்ஸ் என்ற, தொண்ணூறு வயதைக் கடந்த முதியவர், தான் இரவிரவாக இறைச்சிக்குத் தடவிய சோஸில் வினாகிரி, மிளகு, மிளகாய், உப்பு, வெண்ணெய், வெங்காயம், உள்ளி, கொத்தமல்லி எல்லாம் சேர்ந்ததை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்திருக்கின்றார். விருந்துண்டவர்களின் பெயர்கள் ஏடுகளில் இருக்கின்றன. சமைத்தவரின் அளவுகளோ இப்படி யாராவது கேட்டு எழுதினால்தான் உண்டு.

தென் கரோலைனாவின் நடுப்பகுதியில் சோஸ் மஞ்சள் நிறம். பதினெட்டாம் நூற்றாண்டில் குடியேறிய ஜேர்மனியரின் கடுகு விருப்பமே இதற்குக் காரணம் என்பர். ஒரு கோப்பை கடுகு விழுதுக்கு அரைக் கோப்பை வினாகிரி, கால் கோப்பை சீனி, சிறிது மிளகாய்த்தூள். நாம் அச்சாறுக்கு அரைக்கும் கடுகு இதற்கு உறைப்புக் கூடியது. அவர்களுடையது மஞ்சள் சேர்ந்த மென்மையான விழுது. இறைச்சிக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் இந்தச் சோஸால் பெயர்பெற்ற மொறிஸ் பெசிங்கர் என்பவரின் உணவகங்கள் கறுப்பின மக்களை உள்ளே அமர்த்திப் பரிமாற மறுத்து வந்தன. 1964இல் அப்படி மறுக்கப்பட்டவர்களுள் ஒருவரான ஆன் நியூமன் என்ற பெண்ணும் வேறு இருவரும் வழக்குத் தொடுத்தனர். 1968இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. கறுப்பின மக்கள் நூற்றாண்டுக் காலமாகப் பேணி வளர்த்த உணவை விற்றுக்கொண்டே அவர்களை வாசலில் நிறுத்திய இச்செயலை என்னவென்பது?

கன்சாஸ் நகரத்துச் சோஸ்தான் உலகக் கடைகளில் அதிகம் அறியப்பட்டது. தக்காளியும் கரும்புப் பாகும் சேர்ந்து கெட்டியாக, இனிப்பாக இருக்கும். சீனி கூடியதால் நெருப்பில் கருகும்; கடைசி அரை மணித்தியாலத்துக்கு முன் தடவக் கூடாது. பிய்த்த இறைச்சியில் இது உள்ளே இறங்காமல் மேலே போர்வைபோலக் கிடக்கும். இனிப்புத்தான் வேண்டுமென்றால் கால் பங்கு வினாகிரி கலந்து இளக்கிக்கொள்வது நல்லது. இந்த நகரத்தின் டெபோரா ஜோன்ஸ், மேரி ஜோன்ஸ் என்ற சகோதரிகள் தகப்பனிடம் பழகிய கைப்பக்குவத்தில் சிறு கடையொன்றை நடத்தி வந்தனர். 2019இல் தொலைக்காட்சித் தொடரொன்று அவர்களைக் காட்டியது. அதை ஒட்டி அவர்களது சோஸ் அவர்கள் பெயரிலேயே போத்தலில் அடைக்கப்பட்டு வெளியூர்களுக்கும் போகத் தொடங்கியது. மெம்பிஸ் நகரில் கணவரோடு 1977இல் தொடங்கிய கடையை, அவர் 2001இல் இறந்தபின் டெசிரீ ரொபின்சன் தானே பொறுப்பேற்று நடத்தினார். புகைக்குழி ஆண்களின் இடம் என்று சொல்லப்படும் துறையில் நடந்தவை இவை.

அலபாமா மாநிலத்தில் மயோனைஸ் கலந்த வெள்ளைச் சோஸும் உண்டு. அது கோழிக்கென்று பிறந்தது. பன்றிக்கு மேலும் கொழுப்புச் சேர்ப்பதில் அர்த்தமில்லை.

எம்மைக் கேட்டால் வினாகிரிச் சோஸையே சொல்வோம். ஐயமிருப்பவர்கள் சூடான இறைச்சியை மூன்று கிண்ணங்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சோஸைப் பிசறி, பணிஸுக்குள் மெல்லியதாக அரிந்த கோவாவோடு வைத்து வீட்டாருக்குக் கொடுத்துப் பார்க்கலாம். முதல் வாயில் இனிப்பே வெல்லும். எந்தக் கிண்ணம் முதலில் காலியாகின்றது என்பதைக் கவனியுங்கள். பன்றி உண்ணாத வீடுகளில் சுட்ட கோழிக்கும் இதே வினாகிரிச் சோஸ் பொருந்தும்.

விற்பனைக்குச் செய்ய எண்ணுபவர்களுக்கும் இதுவே இலகு. செலவு குறைவு, புளிப்புக் கூடியதால் எளிதில் பழுதடையாது. பச்சை வெங்காயமோ உள்ளியோ சேர்த்தால் அந்த உறுதி குறைந்துவிடும். அப்படிச் செய்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் முடிக்க வேண்டும். அலுமினியப் பாத்திரத்தில் வினாகிரியை வைக்கக் கூடாது. கொதிநீரில் அவித்துக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, செய்த திகதியையும் செய்தவரின் பெயரையும் ஒட்டிவிடுங்கள்.