சுழலும் வட்டம் சொல்வது என்ன?

மண்சரிவினால் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்து இடம்பெயர்ந்த ஒரு தாயுடன் நாம் அண்மையில் ஏ.டி.எம். இயந்திரத்தின் முன் நின்றோம். திரையில் சிறு வட்டமொன்று சுழன்றது. "சாமி, இது சுத்திக்கிட்டே இருக்கே, காசு வருமா, போயிருச்சா?" என்று கேட்டவர், பதற்றத்தில் மீண்டும் பொத்தானை அழுத்தக் கை நீட்டினார்.

2023 முதல் அஸ்வெசும கொடுப்பனவும் வங்கிக் கணக்குக்கே வருகிறது. எனவே திரையில் அசையும் படங்களை விளங்கிக்கொள்வது இன்று நமது வயிற்றுப்பாட்டோடு தொடர்புடைய விடயமாகும்.

அந்த வட்டம் உண்மையில் சுழல்வதில்லை. திருவிழா மின்குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும்போது ஒளி ஓடுவதாக நமக்குத் தோன்றுகிறதல்லவா? அதுபோன்றதே இதுவும். இத்தோற்றத்தை மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1912 இல் ஆராய்ந்து வெளியிட்டார். அசைவைக் கண்டவுடன் 'ஏதோ வேலை நடக்கிறது' என்று மனம் எண்ணிக்கொள்கிறது.

பெங்களூர் சேரிகளில் வாழும் வீட்டுப் பணிப்பெண்களுக்காக இந்திராணி மேதியும் அவரது குழுவினரும் எழுத்தில்லாத கணினித் திரைகளை உருவாக்கினர். வெறும் சமையலறைப் படம் ஓர் இடமாகவே அப்பெண்களுக்குத் தெரிந்தது. குழாயில் நீர் ஓடுவதையும் பாத்திரத்தில் ஆவி எழுவதையும் சேர்த்து வரைந்தபோது அது வேலையைக் குறிப்பதாக விளங்கியது.

ஆயினும் அசைவு கூடினால் விளக்கமும் கூடும் என்பதில்லை. எழுத வாசிக்கத் தெரியாத 200 பேரிடம் 13 நோய் அறிகுறிகளை எழுத்து, ஓவியம், புகைப்படம், அசையும் சித்திரம், வீடியோ எனப் பலவிதமாகக் காட்டிய ஆய்வின் முடிவுகள் 2007 இல் வெளிவந்தன. குரல் விளக்கம் பொதுவாக விரைவில் புரிய உதவியது. ஆனால் படமும் குரலும் ஒன்றுசேர்ந்து சிலவேளை குழப்பத்தையும் தந்தன.

நாம் மனதிற்கொள்ள வேண்டியது இதுவே: சுழலும் வட்டம் 'பொறுங்கள்' என்று மட்டுமே சொல்கிறது. வேலை முடிந்ததற்கு அது சாட்சியன்று. தொடர்பு அறுந்த பின்னரும் அது சுழலக்கூடும். ஆகவே அவசரப்பட்டு மீண்டும் அழுத்தாதீர்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பணம் வராவிடின் திகதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வங்கியில் கேளுங்கள். இரகசிய இலக்கத்தை உதவிக்கு வருபவரிடமும் சொல்லாதீர்கள்.

அந்தத் தாய் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். பணம் வந்தது. குறைபாடு அவரிடத்தில் இல்லை. 'பொறுங்கள் அம்மா' என்று அந்த இயந்திரம் தமிழில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அவ்வாறு பேசவேண்டும் எனக் கேட்பதும் நமது உரிமையே.